ரத்தம் சொன்ன பாதி

முதல் இரண்டு தடவையும் மருமகள் விழுந்ததைச் செந்தாமரை கண்ணால் பார்க்கவில்லை. பேச்சி சொல்லித்தான் தெரியும்.

பேச்சி மாடியறையில் வாடகைக்கு இருக்கிற பெண். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். மருமகள் சசிரேகாவுக்கும் அவளுக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கற்றை கற்றையாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். மதிய ஷிப்டு வாரம் வந்துவிட்டால் இரண்டு பேரும் சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டே ஓடுவார்கள். பிள்ளைப்பாக்கத்துத் தெருவைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கம்பெனி பஸ் அங்கே வந்து ஆரனை ஒரு தடவை அடிக்கும். ஏறினால் ஏறியது, இல்லாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட்.

ஆடிக் காற்று கண்ணில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த சசிரேகா உள்ளங்கையைச் சொறிந்தாள். பிறகு கழுத்தை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்தாள். ஒரகடம் கூட்டுரோடு வருவதற்குள் பேச்சியின் மடியில் துவண்டுவிட்டாள். வழியில் இருந்த ஒரு கிளினிக்கில் இறக்கி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் வந்து பார்ப்பதற்குள் உடம்பில் எழும்பியிருந்த தடிப்பெல்லாம் அமுங்கிவிட்டது. "சாப்பிடாம வேலைக்கு ஓடியிருப்பாங்க. பிரஷர் எறங்கிப்போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"துன்னாம எங்க ஓடுனா? என் கையால போட்டேன், வழிச்சித் துன்னுட்டுத்தான் போனா" என்று செந்தாமரைக்குக் கோபம்தான் வந்தது. மருமகளைப் பட்டினி போடுகிற வீடு என்று யாராவது சொல்லிவிட்டால்? அப்போது அவளுக்கு இருந்த பயம் அவ்வளவுதான்.

ஆவணியில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை பஸ் வரைக்கும்கூடப் போகவில்லை. ஏரிக்கரை வளைவிலேயே வாந்தி எடுத்து, மூச்சு விட முடியாமல் உட்கார்ந்து, அப்படியே மண்ணில் சாய்ந்தாள். டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். நெஞ்சுக்கு இசிஜி எடுத்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. கடைசியில் அங்கிருந்த டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "வீட்ல எதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டபோது சசிரேகாவின் தம்பி ரகுபதி கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

ரகுபதி வல்லக்கோட்டையில் மனை புரோக்கர். எந்தப் பட்டாவில் என்ன வில்லங்கம் என்று மோப்பம் பிடித்தே பழகிய மூக்கு அவனுக்கு. அக்காவை அங்கிருந்து நேராகத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். ஒரு வாரம் அவள் அங்கே சோறு தின்றாள், மீன் தின்றாள், பரோட்டா தின்றாள், படுத்துத் தூங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பக் கொண்டுவந்து விட்ட அன்று தமிழ்வாணனை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனான். தமிழ்வாணன் செந்தாமரையின் ஒரே மகன். ஒரகடத்தில் ஒரு குடோனில் சரக்குத் தூக்குகிற போர்க்லிப்ட் ஓட்டுகிறவன்.

"மாமா, நான் யாரயும் ஒண்ணியும் சொல்ல வரல. எங்க வூட்ல துன்னா அவுளுக்கு ஒண்ணியும் ஆவல. இங்க துன்னா வுழுறா. ஒரு தபா இல்ல, ரெண்டு தபா. அத மட்டும் யோசிச்சிப் பாரு."

அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுதான் பேசினார்கள். செந்தாமரைக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

சந்தேகம் முளைக்க மண் இல்லாமலும் இல்லை. செந்தாமரைக்கு வாய் நீளம். தண்டலத்துப் பக்கம் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று சசிரேகா புருஷனிடம் சொன்னது சித்திரையில் அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குக் குழாயடியில், நாலு பேர் குடத்தோடு நிற்கையில் கத்தித் தீர்த்தாள். "கண்ணாலமாயி நாலு வருசம் ஆவுது, வயித்துல ஒண்ணியும் காணோம். தனி வூடு கேக்குதா உனுக்கு? நீ ஒருத்தி இல்லன்னா என் வூடு நிம்மதியா கெடக்கும்!" சொன்ன மறுநாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள். வீட்டுக்குள் அது ஆறிவிட்டது. குழாயடியில் ஆறவில்லை.

நேராக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் சொல்லியிருப்பாள். செந்தாமரை கைப்பட்டால் பச்சைத்தண்ணீரும் ருசிக்கும் என்று தெருவில் பேர். நல்லது கெட்டது எதுவானாலும் பெரிய அண்டா அடுப்பேறினால் அவளுக்குத்தான் ஆள் வரும். ஆவணிக் கடைசியில் அதே தெருவிலிருந்த சுந்தராம்பாள் வீட்டு வளைகாப்புக்குப் போனாள். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தவளைச் சுந்தராம்பாள் தோளைத் தொட்டு நிறுத்தினாள். "நீ ஒக்காரு செந்தாமர. இன்னா எப்ப பாரு அடுப்பாண்ட? இன்னிக்கி நாங்க பாத்துக்கறோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செந்தாமரையும் சிரித்தாள். பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பேச்சியும் மாறிவிட்டாள். எப்போதும் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கே படியிறங்கி வந்துவிடுகிற பெண் அவள். கிண்ணத்தை நீட்டிய செந்தாமரையைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம் பெரியம்மா. மெஸ்ஸுல சொல்லி வச்சிருக்கேன். அங்கயே சாப்பிட்டுக்கிடுதேன்" என்றாள்.

"எப்பலேந்து?"

"இப்பந்தான் பெரியம்மா. ரெண்டு நாளா."

புருஷன் பரசுராமன் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே சொல்லாதவர். நிலத்தைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போனபிறகு மிஞ்சிய துண்டில் வெண்டை போட்டிருந்தார். மற்ற நேரத்தில் லாரி நிறுத்துகிற ஒரு யார்டில் வாட்ச்மேன். சர்க்கரை வியாதிக்காரர். அவருக்காகத்தான் அந்த வீட்டில் மதியத்துக்கும் சப்பாத்தி வந்தது. சோறு தின்றால் லைனில் கண் சொக்குகிறது என்று சசிரேகாவும் மதிய ஷிப்டு வாரங்களில் அதையே கேட்டுத் தின்றாள். ஒரே கல்லில் சுட்டு, ஒரே டப்பாவிலிருந்து எடுத்து, மாமனாரும் மருமகளும் தின்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மட்டும் ஆனது. ஊர் அதையும் சேர்த்துத்தான் பேசியது: எல்லாரும் தின்றதைத்தானே அவளும் தின்றாள், அவளுக்கு மட்டும் எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் போட்டதைப் பிசைந்து வாயருகே கொண்டுபோன தமிழ்வாணன் ஒரு கணம் நின்றான். ஒரு கணம்தான். பெற்றவளுக்கு அது போதும்.

"இன்னாடா?"

"ஒண்ணியும் இல்லம்மா." தின்றான். தின்று முடித்து, தண்ணீர் குடித்து, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். "ம்மா, தப்பா நெனச்சிக்காத. வெண்டக்கி அடிக்கிற மருந்து எங்க வெச்சிகினு கீற?"

"உங்கப்பன் பின்னாடி ஷெட்டுல வெச்சிகிறாரு. இன்னாத்துக்கு?"

"இல்ல, செடிய தொட்டுட்டு அப்டியே வந்து மாவு கீவு பெசையிறியோன்னு... கை கழுவிக்கினுதான செய்யிற?"

அவன் போனபிறகு செந்தாமரை கொல்லையில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் கை தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் எடுத்துத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். வெங்காய வாசனைதான் வந்தது. என்றைக்காவது களை பிடுங்கிவிட்டு மறந்துபோய் அப்படியே மாவில் கை வைத்தோமா என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க வைத்த மாதிரியே இருந்தது. எழுந்துபோய் ஷெட்டிலிருந்த மருந்து பாட்டிலை எடுத்து, பாலிதீன் பையில் சுற்றி, சமையலறையிலிருந்து தள்ளி, கொல்லைக் கோடியில் விறகு அடுக்குக்குக் கீழே சொருகினாள். யார் கையும் படாத இடத்தில் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள்.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காய்ந்தது. மறுபடி மதிய ஷிப்டு வாரம். கல்லில் சப்பாத்தி உப்பிக்கொண்டு எழும்புகையில் செந்தாமரை இன்னொரு தடவை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். உருளைக்கிழங்கு குருமாவை இறக்கி வைத்து, ஒரு சப்பாத்தியை விண்டு, குருமாவில் தொட்டு, சசிரேகா பார்க்கவே வாயில் போட்டு மென்றாள்.

"இன்னா அத்த, நீ துன்னு பாக்கற?"

"உப்பு பாத்தேன்."

சசிரேகா அவளையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தின்றாள். மாடியிலிருந்து பேச்சி, "யக்கா, பஸ்ஸு போயிரும்!" என்று கத்தினாள். சசிரேகா கையைக் கழுவிக்கொண்டு, கம்பெனியின் நீல யூனிபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அவள் போனபிறகுதான் ஆணியில் ஐடி கார்டு தொங்குவது தெரிந்தது. அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். செந்தாமரை அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஏரிக்கரை மேல் இரண்டு நீலக் கோட்டுகள் தூரத்தில் குலுங்கிக்கொண்டு போயின. மெயின் ரோட்டில் ஆரன் கேட்டது. இரண்டும் இன்னும் வேகமாக ஓடின. அப்புறம் ஒன்று மட்டும் வேகம் குறைந்தது. நின்றது. கையால் கழுத்தைச் சொறிந்தது.

"ரேகா!"

பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது சசிரேகா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்திலும் கையிலும் எறும்புப் புற்றுப் போலச் சிவப்புத் தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன. உதடு வீங்கி வெளியே தள்ளியிருந்தது. கண் இரண்டும் மூடிப்போகிற மாதிரி உப்பியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் போல ஒரு சத்தம்.

"தொண்ட... அடைக்குது."

செந்தாமரை அவள் கையைப் பிடித்தாள். சசிரேகா அந்த வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டாள்.

பேச்சி பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். காய்கறிக் கிரேட்டுகளோடு வந்த குட்டியானை லோடு வண்டி ஒன்றின் முன்னால் நடுரோட்டில் போய் நின்றாள். "ஏ டிரைவரண்ணே, நில்லும்! ஒரு உசுரு போவுது, நில்லும்!" கிரேட்டுகளைத் தள்ளிவிட்டு மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். சிவந்திருந்த முகம் போகப் போகச் சாம்பல் நிறமானது. தண்டலத்துப் பக்கம் இருந்த மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழையும்போது சசிரேகாவுக்கு நினைவில்லை.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் சுகப்பிரியா சின்ன வயசுப் பெண். எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், "அட்ரினலின்" என்றாள், பேண்ட்டோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினாள். காலைத் தூக்கிவைத்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் டிரிப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஊசி. அந்த விசில் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. சாம்பலாகிப் போன முகத்தில் ரத்தம் திரும்பிவருவதைச் செந்தாமரை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

ஆள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தபிறகு நர்ஸ் ஊசியும் சிறுகுப்பியுமாக வந்து ரத்தம் எடுத்தாள்.

"இன்னாத்துக்கும்மா இன்னும் ரத்தம்? ரெண்டு ஆஸ்பத்திரியில எடுத்து எடுத்துப் பாத்துட்டாங்களே" என்றாள் செந்தாமரை.

சுகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடியும் இப்படி வந்துச்சாம்மா?"

"ரெண்டு தபா."

"அப்போ எடுத்தது சர்க்கரை, உப்பு, அந்த மாதிரி இருக்கும். இது வேற. எனக்குப் பார்த்தா அலர்ஜி மாதிரி இருக்கு, சாதாரண அரிப்பு இல்ல, உயிரை எடுக்கிற அலர்ஜி. அது வரும்போது உடம்புக்குள்ள சில செல்லுங்க உடைஞ்சு டிரிப்டேஸ்னு ஒரு பொருளை ரத்தத்துல கொட்டும். சில மணி நேரம்தான் இருக்கும், அப்புறம் காணாமப் போயிடும். அதான் இப்பவே எடுக்கிறோம். ரெண்டு நாள் கழிச்சு, எல்லாம் அடங்கினபிறகு இன்னொரு தடவை எடுப்போம். ரெண்டையும் வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"தெரிஞ்சிடுமா?"

அதற்குப் பதில் வருவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ரகுபதி வந்தான். பேச்சிதான் போன் போட்டிருந்தாள். பின்னாலேயே குடோன் யூனிபார்மோடு தமிழ்வாணன்.

"டாக்டர், வயித்த கழுவுங்க மொதல்ல! மூணாவது தபா டாக்டர் இது. வெசம் வெச்சிகிறாங்க. இதோ நிக்குதே, இதுதான் ஆக்கிப் போட்டுது!"

"ரகு தம்பி..." என்றாள் செந்தாமரை. மகனைப் பார்த்தாள். தமிழ்வாணன் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தாதீங்க, பேஷன்ட் இருக்காங்க" என்றாள் சுகப்பிரியா. "விஷம் மாதிரி எனக்குத் தெரியல. ஆனா நீங்க இப்படிச் சொன்னபிறகு போலீசுக்குத் தகவல் சொல்லாம இருக்க முடியாது. விஷத்துக்கும் சேர்த்து டெஸ்ட் அனுப்புறேன்."

"அந்த அலர்ஜி டெஸ்ட்ல தெரிஞ்சிடுமா டாக்டர்?" என்று தமிழ்வாணன் கேட்டான்.

"ஏறியிருந்தா அலர்ஜின்னு நல்லாவே சொல்லலாம். சில பேருக்கு, அதுவும் சாப்பாட்டால வர்றதுல, அலர்ஜி வந்தாலும் இது ஏறாது. ஏறலன்னா அலர்ஜின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

மற்றவர்கள் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். செந்தாமரை கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிறுகுப்பி பேசாமல் போய்விட்டால்?

மறுநாள் காலையில் ஏட்டு ஒருவர் வந்தார். வயசானவர், குரலை உயர்த்தாதவர். ஹாட்பாக்ஸில் மிஞ்சிய சப்பாத்தியையும் குருமாச் சட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டார். வாசலில் தெருவே நின்றது.

"பூச்சி மருந்து எதாவது வெச்சிகிறீங்களா?"

"ஷெட்டுல கீது" என்றார் பரசுராமன். ஷெட்டில் இல்லை. அவர் முகம் செத்துப்போனது.

செந்தாமரை வாய் திறப்பதற்குள் ஏட்டோடு வந்த போலீஸ்காரர் கொல்லையைச் சுற்றிப்பார்த்து, விறகைப் புரட்டி, பாலிதீன் சுற்றிய பாட்டிலோடு வந்தார். ஏட்டு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த ஏம்மா ஒளிச்சி வெச்ச?"

ஒளிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். என் கை என் சமையலில் பட்டுவிடக் கூடாதே என்று தூரமாகக் கொண்டுபோய் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

"நான்தான் சார் அங்க வெச்சேன்" என்றார் பரசுராமன்.

"எதுக்கு?"

"அது... எலி... எலி உருட்டுதுன்னு."

இத்தனை வருஷத்தில் செந்தாமரைக்காக அவர் சொன்ன முதல் பொய் அது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காப்பாற்றுகிறார். செய்திருக்கிறாள் என்று நம்பித்தான் காப்பாற்றுகிறார். தெருவில் நின்ற அத்தனை பேரின் கண்ணையும் தாங்கிக்கொண்டு நின்றவள் அப்போது திரும்பி அடுப்படிக்குள் போனாள்.

பாட்டிலையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு, ஊரை விட்டு எங்கேயும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரத்தம் மெட்ராசுக்குப் போயிருந்தது. வர நாளாகும் என்றார்கள். வெயில் மாறி, மண்ணுருகப் பெய்ய ஆரம்பித்தது. ஏரி தளும்பியது. வெண்டைச் செடியெல்லாம் தண்ணீரில் நின்று அழுகியது. செந்தாமரை அடுப்புப் பற்றவைக்கவில்லை. பரசுராமன் டீக்கடையில் நாலு இட்லி தின்றுவிட்டு யார்டுக்குப் போனார். தமிழ்வாணன் ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். சசிரேகாவை வல்லக்கோட்டைக்கு அழைத்துப்போனபிறகும் அங்கிருந்தே வேலைக்குப் போனான். ஒரு சாயங்காலம் பேச்சி படியிறங்கி வந்து, அடுப்படி வாசலில் நின்றாள். கையில் அவளே ஆக்கிய சுடுசோறும் ரசமும்.

"சாப்பிடுங்க பெரியம்மா. பட்டினி கெடந்தா எப்படி?"

"நீ இன்னாடி நெனைக்கிற? நான் வெச்சிருப்பேன்னு நெனைக்கிறியா?"

பேச்சி சோற்றைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியல பெரியம்மா. தெரியாதுன்னுதான் சொல்ல முடியும்" என்றாள்.

அந்தப் பதிலுக்காகவே செந்தாமரை அவள் கொண்டுவந்த சோற்றைத் தின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சுகப்பிரியாவின் அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சசிரேகா புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில். பேச்சியும் வந்திருந்தாள். செந்தாமரை கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முதல்ல எடுத்த ரத்தத்துல டிரிப்டேஸ் பல மடங்கு ஏறியிருக்கு. அடங்கினபிறகு எடுத்ததுல சாதாரணமா இருக்கு. வந்தது கடுமையான அலர்ஜிதான். விஷத்துக்கான டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. ஸ்டேஷனுக்கும் எழுதி அனுப்பிட்டேன்."

தமிழ்வாணன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"இன்னாத்துக்கு அலர்ஜி?" என்றான் ரகுபதி. குரலில் இன்னும் வில்லங்கம் தேடுகிற புரோக்கர்.

"இந்த ரத்தம் அதைச் சொல்லாது. அலர்ஜின்னு மட்டும்தான் சொல்லும். மீதியை நாமதான் தேடணும். சசிரேகா, மூணு தடவையும் கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

சசிரேகா யோசித்தாள். "மொத தபா... சப்பாத்தி. தக்காளித் தொக்கு. அப்பறம்... சப்பாத்திதான். இப்பவும் சப்பாத்தி." நிமிர்ந்தாள். "ஆனா டாக்டர், நான் எப்பவும் துன்றதுதான அது? எங்கம்மா வூட்ல பரோட்டாவே துன்னேன்."

"தின்னுட்டு என்ன பண்ணினீங்க?"

"படுத்துக்கினேன்."

"இங்க தின்னுட்டு?"

சசிரேகா பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சிதான் சொன்னாள். "பஸ்ஸுக்கு ஓடுவோம் டாக்டர். தின்ன கையோட ஓடுவோம்."

சுகப்பிரியா தலையசைத்தாள். கோதுமை, மைதாவும் அதுதான், சிலருக்குத் தனியாகத் தின்றால் ஒன்றும் செய்யாது. தின்றுவிட்டு உடம்பை அலட்டினால் மட்டும் ஆளைச் சாய்க்கும் என்றாள். சில நாள் ஓடினாலும் வராது, சில நாள் கொஞ்சம் ஓடினாலே வரும். அதனால்தான் கண்டுபிடிக்க வருஷக்கணக்காகும் என்றாள். கோதுமைக்கென்றே ஒரு ரத்தச் சோதனை இருக்கிறது என்று அங்கேயே எடுத்தனுப்பினாள். அதன் முடிவு அடுத்த வாரம் வந்தது. அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ரத்தம் எடுத்த அன்றே, அவர்கள் கிளம்புவதற்கு முன் அட்ரினலின் மருந்தையும் ஊசியையும் மேசைமேல் வைத்து, எவ்வளவு இழுக்க வேண்டும், தொடையில் எங்கே குத்த வேண்டும், குத்திய உடனே எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். "இது எப்பவும் கூடவே இருக்கணும். வீட்ல யார் யார் கத்துக்கிறீங்க?"

தமிழ்வாணன் கையை நீட்டினான். பேச்சி நீட்டினாள். சுகப்பிரியா செந்தாமரையைப் பார்த்தாள். செந்தாமரை இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் ரகுபதி எதிரே வந்து நின்றான். "அத்த, என் நெலமையில யாரா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தான். போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான். சசிரேகாவும் அவன் வண்டியில்தான் போனாள்.

தெருவில் செய்தி பரவியது. ஆனால் பழி வந்த வேகத்தில் அது வரவில்லை. "கோதுமையாமே! கோதுமையில யாருனா சாவாங்களா?" என்று குழாயடியில் சிரித்தார்கள். "யாரு ஆக்கிப்போட்ட கோதும?" என்று ஒருத்தி கேட்டாள். பரசுராமன் ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "நான் அன்னிக்கி..." என்றார். "போய்ப் படு" என்றாள் செந்தாமரை. அவர் போய்ப் படுத்தார். வீட்டில் மிச்சமிருந்த கோதுமை மாவைக் கொண்டுபோய் ஏரியில் கொட்டினாள். மீன்கள் மொய்த்துக்கொண்டு வந்தன. அதையும் கொஞ்ச நேரம் பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி பிறந்து, மழை விட்ட ஒரு மத்தியானம் தமிழ்வாணனின் பைக் வாசலில் வந்து நின்றது. சசிரேகா பையோடு இறங்கினாள். நேராக அடுப்படிக்கு வந்து, தட்டை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"பசிக்குது அத்த."

"பானையில சோறு கீது. சட்டியில கத்திரிக்கா கொழம்பு. போட்டுக்கோ."

"நீ போடு."

"நான் போடல. நீயே போட்டுத் துன்னு. இனிமே இந்த வூட்ல உனுக்கு நீயே ஆக்கிக்கோ."

சசிரேகா தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிராமலே சொன்னாள். "அன்னிக்கி ஏரிக்கரையில உன் கைய தட்டிவுட்டேனே."

"மூச்சு முட்டச் சொல்லோ யாரு கையத்தான் தெரியும்?"

"தெரிஞ்சித்தான் தட்டிவுட்டேன். ரகு நெனச்சான், ஊரு நெனச்சுது. நானும் நெனச்சேன் அத்த. நீதான் எதுவோ போட்டுட்டன்னு நெனச்சிக்கினேதான் வுழுந்தேன்."

செந்தாமரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. "நீ நெனச்சதுல இன்னா கீது?" என்றாள். "நானே நெனச்சேன்டி. கைய தேச்சித் தேச்சி, தோலு உரிஞ்சிபோச்சி பாரு."

காட்டினாள். சசிரேகா பார்த்தாள். மன்னித்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை; செந்தாமரையும் எதிர்பார்க்கவில்லை. சசிரேகா தட்டை எடுத்து நீட்டினாள். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டிருப்பாள் போலிருந்தது.

செந்தாமரை கரண்டியை எடுத்தாள். சோற்றைப் போடுகையில் நாலு பருக்கை தரையில் சிந்தியது. குழம்பை ஊற்றினாள். ஊற்றியபிறகு உப்புப் பார்க்கவில்லையே என்று நினைவு வந்தது. சசிரேகா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"இன்னா அத்த, அப்டி பாக்கற?"

"ஒண்ணியும் இல்ல. நீ துன்னு."

தின்று முடித்து, கை கழுவி, சுவரில் சாய்ந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தமிழ்வாணன் உள்ளே வந்து பையை வைத்தான், ஏதோ கேட்டான், போனான். செந்தாமரைக்குக் காதில் விழவில்லை. முதல் தடிப்பு எழும்புகிற இடம் கழுத்தில் எது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.